காணாமல் போன இரண்டு மணி நேரம்

வேற்றுக்கிரகவாசிகள் தங்களைக் கடத்திப்போனதாக ஒரு தம்பதி சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை என்றார் மருத்துவர். அப்படி ஒரு கடத்தல் நடக்கவில்லை என்றும் அவரே சொன்னார். அறுபது ஆண்டுகள் தாண்டியும் முடியாத ஒரு வழக்கு.

அந்த ஒலிநாடாவில் ஓர் ஆள் அலறுகிறார். வலியில் கத்துகிற சத்தமாகத் தெரியவில்லை. உயிர் போகப்போகிறது என்று நம்பிவிட்டவர் எழுப்புகிற சத்தம் அது. நடுநடுவே தேம்புகிறார், காருக்கு ஓடிவிட வேண்டும் என்று தவிக்கிறார். பக்கத்திலிருந்து நிதானமான இன்னொரு குரல் அவரைத் தேற்றிக்கொண்டே இருக்கிறது.

1964 பிப்ரவரி 22. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மனநல மருத்துவர் பெஞ்சமின் சைமனின் அறை. ஹிப்னாடிஸ உறக்கத்தில் அலறுகிறவர் பார்னி ஹில், வயது 41, தபால் துறை ஊழியர். தேற்றுகிறவர் சைமன். இரண்டாம் உலகப் போரில் மனம் உடைந்து திரும்பிய சிப்பாய்களுக்கு ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை தந்தவர். போர்க்களத்தை மறுபடி கண்முன் பார்த்து நடுங்கியவர்களோடு உட்கார்ந்து பழகியவர். பயம் எப்படி இருக்கும், நடிப்பு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

பார்னி நடிக்கவில்லை என்பதில் சைமனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆனால் மாதக்கணக்கில் கேட்ட பிறகு அவர் வந்து சேர்ந்த முடிவு, அந்தக் கடத்தல் நடக்கவில்லை என்பதுதான்.

பறக்கும் தட்டுகளைப் பற்றிய சண்டையில் இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லத் துணிந்தவர்கள் ரொம்பக் குறைவு. ஒரு சாரார் முதல் வாக்கியத்தோடு நின்றுவிடுகிறார்கள். இன்னொரு சாரார் நேராக இரண்டாவதற்குத் தாவிவிடுகிறார்கள்.

ஒரு செப்டம்பர் இரவு

1961 செப்டம்பர் 19. பார்னியும் அவர் மனைவி பெட்டியும் நயாகரா அருவியையும் கனடாவின் மாண்ட்ரியல் நகரையும் பார்த்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகி ஓராண்டுக்கு மேலாகியும் தேனிலவு என்று எங்கும் போகாததால், திடீரென்று முடிவு செய்து கிளம்பிய பயணம். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மத் நகரில் வீடு. பெட்டி சமூக நலப் பணியாளர். பார்னிக்கு பாஸ்டனில் இரவுப் பணி. போக ஒரு நூறு கிலோமீட்டர், வர ஒரு நூறு கிலோமீட்டர் என்று தினமும் கார் ஓட்டுகிறவர். வயிற்றுப் புண்ணும் ரத்த அழுத்தமும் இருந்தன.

பார்னி கறுப்பினத்தவர். பெட்டி வெள்ளையர். அன்றைய அமெரிக்காவின் பல மாநிலங்களில் இப்படி ஒரு திருமணமே சட்டப்படி குற்றம். நியூ ஹாம்ப்ஷயரில் அந்தத் தடை இல்லை. ஆனால் சட்டத்தில் தடை இல்லை என்பதற்காகப் பார்வைகள் மாறிவிடுவதில்லை. ஓட்டலுக்குள் நுழைந்தால் எத்தனை தலை திரும்புகிறது, விடுதியில் அறை இல்லை என்று சொல்வார்களோ என்ற கணக்கு பார்னியின் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இருவருமே கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய இயக்கத்தில் இருந்தவர்கள்.

இரவு பத்து மணி சுமாருக்குக் கோல்புரூக் ஊரில் சாப்பிட்டு முடித்துக் கிளம்பினார்கள். மூன்றாம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே வந்தால் இரண்டரை, மூன்று மணிக்கு வீடு. 1957ஆம் ஆண்டின் ஷெவர்லே கார், கூடவே டெல்ஸி என்ற குட்டை நாய். லங்காஸ்டர் ஊரைத் தாண்டியதும் நிலவுக்குப் பக்கத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. நட்சத்திரம் என்று நினைத்தார்கள். அது நகர்ந்தது போலவும் பெரிதாகிக்கொண்டே வந்தது போலவும் இருந்தது. விமானம்தான் என்றார் பார்னி. பெட்டி ஒப்புக்கொள்ளவில்லை. நாயை இறக்கிவிடும் சாக்கில் நிறுத்தி, பைனாகுலரில் பார்த்து, மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்தி, மலைக் கணவாய்ச் சாலையில் ஊர்ந்துகொண்டே வந்தார்கள்.

இண்டியன் ஹெட் என்ற இடத்தில் பார்னி நடுச்சாலையில் காரை நிறுத்தினார். பைனாகுலரோடு வயலுக்குள் நடந்தார். தலைக்கு மேலே, மரங்களின் உயரத்தில், ஏதோ ஒன்று சத்தமில்லாமல் நின்றது. வரிசையாக ஜன்னல்கள். ஜன்னல்களில் உருவங்கள். அதில் ஒன்று தன்னையே உற்றுப் பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது. நம்மைப் பிடிக்கப்போகிறார்கள் என்று கத்திக்கொண்டு காருக்கு ஓடிவந்தார். வண்டி கிளம்பியதும் பின்பக்க டிக்கியிலிருந்து 'பீப் பீப்' என்று ஒரு சத்தம். உடம்பு மரத்துப்போகும் மயக்கம். மறுபடி அதே சத்தம் கேட்டு நினைவு தெளிந்தபோது ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தாண்டியிருந்தார்கள்.

வீடு வந்து சேர்ந்தபோது பொழுது விடிந்துவிட்டது. மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. இருவர் கையிலிருந்த கடிகாரங்களும் ஓடவில்லை. பெட்டியின் உடுப்பு கிழிந்திருந்தது. பார்னியின் காலணியின் மேல்தோல் தேய்ந்திருந்தது. இரண்டு மணி நேரம் கணக்கில் வரவில்லை.

கனவில் வந்தவர்கள்

அடுத்த சில நாள்களில் பெட்டி பக்கத்திலிருந்த பீஸ் விமானப்படைத் தளத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார். நூலகத்திலிருந்து பறக்கும் தட்டுகளைப் பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்துவந்து படித்தார். பத்து நாள்கள் கழித்துத் தொடங்கின கனவுகள். அடுத்தடுத்து ஐந்து இரவுகள். குள்ளமான ஆள்கள் சாலையை மறிக்கிறார்கள். கணவன் மனைவி இருவரையும் காட்டுக்குள் நடத்திப்போகிறார்கள். தட்டு வடிவ ஊர்தி ஒன்றில் ஏற்றித் தனித்தனியாகப் பரிசோதிக்கிறார்கள். பெட்டி இந்தக் கனவுகளை எழுதி வைத்தார், தெரிந்தவர்களிடம் சொன்னார். அப்போது பார்னியும் பக்கத்தில் இருந்திருக்கிறார். இந்த ஒரு தகவலைச் சுற்றித்தான் பின்னால் பாதி வழக்கு நடந்தது.

அக்டோபரில் பாஸ்டன் கோளரங்கத்தைச் சேர்ந்த வால்டர் வெப் வந்து இருவரிடமும் மணிக்கணக்கில் பேசினார். சந்தேகத்தோடு வந்தவர், இவர்கள் உண்மை பேசுகிறார்கள் என்று எழுதிக் கொடுத்தார். பார்னியின் உடல்நிலையோ மோசமாகிக்கொண்டே போனது. இனம் தெரியாத பயம், தூக்கமின்மை, வயிற்று வலி. கடைசியில்தான் சைமனிடம் போனார்கள். பறக்கும் தட்டு உண்டு என்று நிரூபிக்கப் போகவில்லை, நிம்மதியாகத் தூங்க வழி கேட்டுப் போனார்கள்.

சைமன் கெட்டிக்காரர். இருவரையும் தனித்தனியாக ஹிப்னாடிஸத்தில் ஆழ்த்தினார். ஒவ்வொரு முறையும் பேசியது விழித்தபின் நினைவில் நிற்காதபடி செய்து அனுப்பினார். ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டு ஒட்டுப்போட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஜூன் வரை சிகிச்சை நடந்தது. பெட்டி சொன்னது கிட்டத்தட்ட அவர் கனவில் கண்ட கதையேதான். தொப்புளில் ஊசி ஏற்றினார்கள், அது கர்ப்பப் பரிசோதனை என்றார்கள். தலைவன் போன்ற ஒருவன் நட்சத்திர வரைபடம் ஒன்றைக் காட்டினான். நினைவாக ஒரு புத்தகத்தைத் தந்து பிறகு பிடுங்கிக்கொண்டார்கள். பார்னி சொன்ன கதையில் இந்த விவரங்கள் கிடையாது. அவர் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாராம். பார்த்தது அந்தக் கண்களை மட்டும். தலையின் பக்கவாட்டு வரை நீண்ட, தன் கண்ணுக்குள் நுழைந்துவிடுவது போன்ற கண்கள்.

பெட்டியின் கனவுகள் கேட்டுக் கேட்டுப் பார்னியின் மனதிலும் பதிந்தன, பதிந்தவை ஹிப்னாடிஸத்தில் நினைவாக வெளிவந்தன என்பது சைமனின் முடிவு. வானத்தில் ஏதோ ஒன்றை அவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்பதை அவர் மறுக்கவில்லை. ஹிப்னாடிஸம் என்பது உண்மையைக் கறந்து தரும் இயந்திரம் கிடையாது, நோயாளி எதை உண்மை என்று நம்புகிறாரோ அதைத்தான் அது வெளிக்கொண்டுவரும் என்பதை அவர் வெளிப்படையாகவே எழுதினார்.

இரு தரப்பும் வைத்த வாதம்

தம்பதி இந்தக் கதையை ஊருக்குச் சொல்ல விரும்பவில்லை. 1965இல் பாஸ்டன் டிராவலர் என்ற நாளிதழ் அவர்களைக் கேட்காமலே அச்சேற்றியது. அடுத்த ஆண்டு ஜான் ஃபுல்லர் எழுதிய புத்தகமும் லுக் இதழில் வந்த தொடரும் வீட்டுக்கு வீடு கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

நம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள் லேசானவை இல்லை. பேர் வாங்க நினைத்தவர்கள் நான்கு ஆண்டுகள் வாய் மூடி இருப்பார்களா? கறுப்பு–வெள்ளை தம்பதியாக ஏற்கெனவே எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்தவர்கள், வேண்டுமென்றே இன்னொரு வம்பை விலைக்கு வாங்குவார்களா? தனித்தனியாகக் கேட்டும் இருவர் கதையும் பல இடங்களில் பொருந்துவது எப்படி? கிழிந்த உடுப்பு, தேய்ந்த காலணி, காரின் பின்புறம் திசைகாட்டி முள்ளை ஆடவைத்த பளபளப்பான வட்டங்கள், இவற்றுக்கெல்லாம் என்ன பதில்?

சந்தேகிப்பவர்கள் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அன்றிரவு நிலவுக்கு அருகே வியாழனும் சனியும் இருந்தன. வளைந்து வளைந்து போகும் மலைச்சாலையில், ஓடும் காரிலிருந்து பார்த்தால், அசையாத வெளிச்சமும் கூடவே வருவது போலத்தான் தெரியும். அந்தக் கணவாயில் கேனன் மலை உச்சியில் விளக்கோடு ஒரு கோபுரமும் இருந்தது. இரவு முழுக்கத் தூங்காத ஓட்டுநர், அடிக்கடி நிறுத்தி நிறுத்தி வந்த பயணம். இரண்டு மணி நேரம் தாமதமாக அதுவே போதாதா? பொருந்தும் இடங்கள் எல்லாம் பெட்டி ஏற்கெனவே சொல்லிவந்த கனவில் இருந்தவை.

அந்தக் கண்களுக்கும் ஒரு விளக்கம் வந்தது. பார்னி அலறிய அமர்வுக்குப் பன்னிரண்டு நாள்களுக்கு முன், 1964 பிப்ரவரி 10 அன்று, தி அவுட்டர் லிமிட்ஸ் என்ற தொலைக்காட்சித் தொடரில் அதே மாதிரி பக்கவாட்டில் சுற்றிய கண்களோடு ஒரு வேற்றுக்கிரகவாசி வந்தது. இதை மார்ட்டின் காட்மேயர் என்பவர் சுட்டிக்காட்டினார். நம்புகிறவர்களிடம் இதற்கும் பதில் இருந்தது. அப்படி ஒரு நிகழ்ச்சி இருப்பதே தனக்குத் தெரியாது என்றார் பெட்டி. பார்னியோ இரவு வேலைக்காரர். பார்த்தார் என்று யாராலும் காட்ட முடியவில்லை. பார்க்கவே இல்லை என்றும் காட்ட முடியவில்லை.

விமானப்படைக் கோப்பிலும் இதே தடுமாற்றம். முதலில் வியாழன் கிரகமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். பிறகு போதுமான தகவல் இல்லை என்று மாற்றினார்கள்.

மணிகளில் கோத்த வானம்

இந்த வழக்கில் என் மனதைத் தொட்டவர் ஓஹையோ மாநிலத்து ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஒருவர். மார்ஜரி ஃபிஷ். ஹிப்னாடிஸத்துக்குப் பிறகு பெட்டி நினைவிலிருந்து வரைந்த நட்சத்திரப் படம் ஃபுல்லரின் புத்தகத்தில் வெளியாகியிருந்தது. சில புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள். தடித்த கோடு வணிகப் பாதை, விட்டுவிட்டு வரும் கோடு தேடல் பயணம் என்று அந்தத் தலைவன் சொன்னதாகப் பெட்டி விளக்கியிருந்தார்.

இது உண்மையான வரைபடமாக இருந்தால், வானத்தில் எங்கோ ஓரிடத்திலிருந்து பார்க்கும்போது நட்சத்திரங்கள் இப்படித்தான் தெரிய வேண்டும். அந்த இடம் எது? ஃபிஷ் உட்கார்ந்து வேலையில் இறங்கினார். சூரியனுக்கு அக்கம்பக்கத்திலுள்ள நட்சத்திரங்களின் தூரத்தை அட்டவணைகளிலிருந்து எடுத்தார். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மணி. ஒவ்வொரு மணியையும் நூலில் கட்டி, சரியான உயரத்தில் தொங்கவிட்டார். வீட்டுக்குள்ளேயே ஒரு சின்ன வானம். அதைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, நிமிர்ந்து, ஒவ்வொரு கோணத்திலிருந்தும் பார்த்தார். ஆண்டுக்கணக்கில். கடைசியில் ஒரு கோணத்தில் புள்ளிகள் பொருந்தின. 39 ஒளியாண்டு தொலைவில், ரெட்டிக்குலம் விண்மீன் கூட்டத்திலுள்ள ஸீட்டா ரெட்டிக்குலி என்ற இரட்டை நட்சத்திரம்.

1974 டிசம்பரில் அஸ்ட்ரானமி இதழ் இதை விரிவாக வெளியிட்டது. வானியலாளர்கள் நடுவே பெரிய விவாதம் கிளம்பியது. கார்ல் சேகனும் ஸ்டீவன் சோட்டரும் எதிர்வாதம் வைத்தார்கள். இரண்டு படங்களிலும் கோடுகளை அழித்துவிட்டுப் புள்ளிகளை மட்டும் பாருங்கள், ஒற்றுமை காணாமல் போய்விடும் என்றார்கள். கணக்கற்ற நட்சத்திரங்களிலிருந்து வேண்டியதைப் பொறுக்கி, வேண்டிய கோணத்தில் பார்க்கும் வசதியும் இருந்தால், எந்தப் படத்துக்கும் ஒரு பொருத்தம் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். 1980இல் காஸ்மோஸ் தொலைக்காட்சித் தொடரிலும் சேகன் இந்தக் கதையை எடுத்துக் காட்டினார்.

பிறகு அளவீடுகள் மாறின. ஐரோப்பாவின் ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் நட்சத்திரங்களின் தூரத்தை முன்னெப்போதையும்விடத் துல்லியமாக அளந்து, 1997இல் அட்டவணை வெளிவந்தது. ஃபிஷ் நம்பிப் பயன்படுத்திய சில நட்சத்திரங்கள் அவர் நினைத்த இடத்திலேயே இல்லை. புதிய தகவல்களைப் பார்த்த அந்த ஆசிரியை, தன் பொருத்தம் சரியாக இருக்க வாய்ப்பில்லை என்று தானே அறிவித்துவிட்டார். தன் பெயரை உலகத்துக்குச் சொன்ன ஒரே வேலையைத் தன் வாயாலேயே திரும்பப் பெறுவது லேசான காரியமா? நம்ப விரும்பியவர்தான். ஆனால் சரிபார்க்கக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டார், சரிபார்த்தார், தவறு என்று தெரிந்ததும் ஒப்புக்கொண்டார். இரண்டு முகாமிலும் இப்படிப்பட்டவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பெருக்கெடுத்த கதைகள்

1975 அக்டோபர் 20 அன்று ஹில் தம்பதியின் கதை அமெரிக்கத் தொலைக்காட்சியில் படமாக வந்தது. பார்னியாக ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் நடித்தார். பதினாறே நாளில், அரிசோனா காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்த டிராவிஸ் வால்டன் காணாமல் போனார். ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்து, ஊர்தியில் ஏற்றிப்போனார்கள் என்றார். கூட வேலை செய்தவர்கள் ஆமாம், பார்த்தோம் என்றார்கள். சந்தேகிப்பவர்கள் தேதியைச் சுட்டிக்காட்டினார்கள்.

1981இல் நியூயார்க் ஓவியர் பட் ஹாப்கின்ஸ் எழுதிய புத்தகம், காணாமல் போன நேரம் என்பதையே கடத்தலின் அடையாளமாக்கியது. 1987இல் விட்லி ஸ்ட்ரீபரின் கம்யூனியன் வந்தது. அதன் அட்டையிலிருந்த முகமும் பாதாம் கொட்டை போன்ற கறுத்த கண்களும் உலகத்துக்கே பழக்கமாகிவிட்டன. பெட்டி முதன்முதலில் எழுதி வைத்த கனவில் வந்தவர்களுக்குக் கறுத்த முடியும் பெரிய மூக்கும் இருந்தன என்பது யாருக்கும் நினைவில்லை.

இந்த மாதிரி உருமாற்றம் பறக்கும் தட்டு என்ற பெயர் பிறந்த நாளிலிருந்தே உண்டு. 1947 ஜூன் 24 அன்று விமானி கென்னத் ஆர்னால்ட், ரெய்னியர் மலைப் பக்கம் ஒன்பது பொருள்கள் பறந்ததைக் கண்டார். தண்ணீரில் வீசிய தட்டு துள்ளித் துள்ளிப் போவது போல் நகர்ந்தன என்றார். அவர் சொன்னது அசைவை. பத்திரிகைகள் அதை வடிவமாக்கின. அதன் பிறகு பார்த்தவர்கள் எல்லாம் தட்டைத்தான் பார்த்தார்கள்.

தொண்ணூறுகளில் கடத்தல் கதைகளுக்கு ஒரு பெரிய ஆதரவு கிடைத்தது. ஹார்வர்டு மனநல மருத்துவர் ஜான் மேக், புலிட்சர் பரிசு வாங்கியவர், நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சந்தித்து, இவர்களுக்கு மனநோய் எதுவும் இல்லை, ஆகவே இவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்றார். 1992இல் எம்ஐடி வளாகத்திலேயே இதற்கென ஒரு மாநாடு நடந்தது. 1994இல் மேக்கின் புத்தகம் வந்ததும் ஹார்வர்டு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. கடைசியில் அவர் விரும்பியதை ஆராயும் உரிமையை உறுதி செய்து முடித்துக்கொண்டது. அதே சமயம் ஒரு பெண் எழுத்தாளர் மேக்கிடம் போய், தன்னையும் கடத்தினார்கள், ஊர்தியில் கென்னடியையும் குருஷ்சேவையும் பார்த்தேன் என்று புனைந்து சொன்னார். அதுவும் உண்மைக் கணக்கில் சேர்ந்தது. அவரே பிறகு அதைப் பத்திரிகையில் போட்டுடைத்தார். மனநோய் இல்லை என்பது மட்டும் போதுமான சான்று ஆகாது என்று புரிந்தது.

விமானத் துறை பத்திரிகையாளர் ஃபிலிப் கிளாஸ் மறுகோடியில் நின்றவர். வேற்றுக்கிரகக் கடத்தல் என்று எஃப்பிஐயிடம் புகார் கொடுத்து, அது உண்மை என்று நிரூபணமானால் 10,000 டாலர் தருகிறேன் என்று அறிவித்தார். அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை.

புளிப்பு, சர்க்கரை, மிட்டாய்

ஒரு சின்னச் சோதனை. புளிப்பு, சர்க்கரை, மிட்டாய், கசப்பு, தேன், கேக், சுவை. பட்டியலை ஒரு தடவை படித்துவிட்டு மூடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து, அதில் 'இனிப்பு' என்ற சொல் இருந்ததா என்று கேட்டால் பலர் இருந்தது என்று அடித்துச் சொல்வார்கள். இல்லை. மனம் அதைத் தானே சேர்த்துக்கொண்டது. நம் எல்லோருக்கும் இது நடக்கும்.

2002இல் ஹார்வர்டின் சூசன் கிளான்சியும் ரிச்சர்ட் மெக்னாலியும் அவர்களின் குழுவினரும், கடத்தப்பட்டதாக நம்புகிறவர்களிடம் இந்த வகைச் சோதனையைச் செய்தார்கள். அவர்களிடம் இப்படிச் சேர்ந்துகொள்ளும் போலி நினைவு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. சந்தேகிப்பவர்கள் இந்த முடிவைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

அதே குழு 2004இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வை அவ்வளவாகச் சொல்வதில்லை. கடத்தல் அனுபவத்தை அவர்கள் வாய்மொழியிலிருந்தே பதிவாக்கி, அவர்களிடமே போட்டுக் காட்டினார்கள். இதயத் துடிப்பும் தோலின் வியர்வையும் எகிறின. போரிலும் வன்முறையிலும் காயப்பட்டவர்கள் தங்கள் கதையைக் கேட்கும்போது உடம்பு எப்படி நடுங்குமோ, அப்படி. நடக்காத ஒன்றுக்கும் உடம்பு நடந்தது போலவே நடுங்கும். ஆக, நடுக்கத்தை வைத்து நிகழ்ச்சியை நிரூபிக்க முடியாது. நிகழ்ச்சி இல்லை என்பதற்காக நடுக்கத்தைப் பொய் என்று தள்ளவும் முடியாது.

கடத்தல் கதைகளில் பெரும்பகுதி படுக்கையில் நடக்கிறது. நள்ளிரவில் விழிப்பு வருகிறது. கை கால் அசையவில்லை. அறையில் யாரோ நிற்கிறார்கள். மார்பின் மேல் பாரம். கத்த நினைத்தால் குரல் வரவில்லை. நம் ஊரில் இதற்குப் பெயர் உண்டு. அமுக்குவான் பேய். இதைப் படிப்பவர்களில் பலருக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். கனவு காணும் உறக்கத்தில் உடம்பு எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. சில சமயம் அந்தக் கட்டு அவிழும் முன்பே மனம் விழித்துவிடுகிறது. கனவின் மிச்சம் கண்முன் நிற்கிறது. உறக்க முடக்கம் என்கிறது மருத்துவம். ஒரே அனுபவத்தை ஜப்பானியர் கனாஷிபாரி என்கிறார்கள், நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் கிழவி வந்து அமுக்குகிறாள் என்கிறார்கள். எந்தக் கதை ஊரில் இருக்கிறதோ அந்தக் கதையின் முகம் அறையில் வந்து நிற்கிறது. ஐம்பதுகளுக்குப் பின் அமெரிக்காவின் கதையில் பறக்கும் தட்டு இருந்தது.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பார்னியும் பெட்டியும் படுக்கையில் இல்லை, காரில் இருந்தார்கள். எல்லாப் பூட்டையும் ஒரே சாவியால் திறக்கப் பார்ப்பது சந்தேகிப்பவர்கள் செய்யும் தவறு.

வானம் வேறு, கடத்தல் வேறு

விண்ணில் காணப்படும் அடையாளம் தெரியாத பொருள்களைப் பற்றிய கேள்வி இன்றும் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போகிறது. அதையும் கடத்தல் கதையையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. விமானப்படையின் புளூ புக் திட்டம் 1969இல் மூடப்பட்டபோது கையிலிருந்த தகவல்கள் 12,618. அதில் விளக்கம் கிடைக்காதவை 701. நூற்றுக்கு ஆறு கூட இல்லை. அந்தத் திட்டத்தின் வானியல் ஆலோசகர் ஆலன் ஹைனெக் மறுப்பவராக உள்ளே போனவர். 1966இல் மிச்சிகனில் தெரிந்த வெளிச்சங்களுக்குச் சதுப்பு நில வாயு காரணமாக இருக்கலாம் என்று அவர் சொன்னதும் நாடே அவரைக் கேலி செய்தது. பிற்காலத்தில் இதை முறையாக ஆராய வேண்டும் என்று வாதாடுகிறவராக மாறினார்.

2021இல் அமெரிக்க உளவுத் துறை வெளியிட்ட அறிக்கையில் 144 சம்பவங்கள். உறுதியாக விளக்க முடிந்தது ஒன்றை மட்டும். அது காற்று இறங்கிக்கொண்டிருந்த பலூன். 2023 செப்டம்பரில் டேவிட் ஸ்பெர்கல் தலைமையில் நாசா அமைத்த குழு, இவை வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவை என்று சொல்ல ஆதாரம் இல்லை, நல்ல தகவல் சேகரிப்புதான் முதல் தேவை என்றது. 2024 மார்ச்சில் பாதுகாப்புத் துறையின் அறிக்கையும் வேற்றுக்கிரகத் தொழில்நுட்பத்துக்கு எந்தச் சான்றும் இல்லை என்றது. விளங்கவில்லை என்பதற்கு விளங்கவில்லை என்று மட்டும்தான் பொருள். அந்தக் காலியிடத்தில் அவரவர் விரும்பியதை எழுதிக்கொள்கிறோம்.

பார்னி எதற்குப் பயந்தார்?

மறுபடி பாஸ்டன் அறைக்கு வருவோம். ஜன்னலில் தெரிந்த முதல் உருவம், ஹிப்னாடிஸத்தில் பார்னிக்குச் செம்பட்டை முடி ஐரிஷ்காரரை நினைவூட்டியது. ஐரிஷ்காரர்கள் கறுப்பர்களிடம் பெரும்பாலும் விரோதமாக நடப்பார்கள், ஆனால் இவர் சிநேகமாகத் தெரிகிறாரே என்று ஆறுதல் அடைந்ததாகச் சொன்னார். இன்னொரு உருவம் நாஜிப் படையாள் போலிருந்தது.

இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ராத்திரி, ஆளில்லாத சாலை, பக்கத்தில் வெள்ளைக்கார மனைவி, பின்னால் தொடரும் ஒரு வெளிச்சம். அமெரிக்காவில் ஒரு கறுப்பருக்கு அது என்னவாகத் தோன்றியிருக்கும்? சாலையை மறிக்கும் ஆள்கள், காட்டுக்குள் இழுத்துப்போகும் கைகள். வேற்றுக்கிரகம் எதுவும் வேண்டாமலே, அந்தக் காட்சி அவர் இனத்துக்கு ரொம்பக் காலமாகத் தெரிந்த காட்சி. வரலாற்றாசிரியர் மேத்யூ போமன் 2023இல் இந்தத் தம்பதியைப் பற்றி எழுதிய புத்தகம், அவர்களின் கதையைக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டக் காலத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறது.

இதுதான் முழு விளக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வந்தது தட்டா, வியாழனா என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அந்த மனிதர் எதைச் சுமந்துகொண்டு அந்தச் சாலையில் வந்தார் என்று கேட்க மறந்துவிட்டார்கள். நம்புகிறவர்கள் அவரைச் சாட்சி ஆக்கினார்கள். மறுக்கிறவர்கள் அவரை ஏமாந்தவர் ஆக்கினார்கள். ஒரு மனிதராக அவரை உட்காரவைத்துக் கேட்டவர்கள் சொற்பம்.

பார்னி 1969இல் மூளை ரத்தக் கசிவில் இறந்தார். வயது 46. பெட்டி 2004 வரை, 85 வயது வரை வாழ்ந்தார். பின்னாளில் அவர் அடிக்கடி வானத்தில் ஊர்திகளைக் கண்டதாகச் சொன்னார். அவரை ஆதரித்தவர்களே தயங்கினார்கள். ஆனால் அவருக்குப் பின் பெருகிய கடத்தல் கதைகளில் பலவற்றை அவரே நம்பவில்லை. யார் வேண்டுமானாலும் ஹிப்னாடிஸம் செய்து நினைவை வரவழைக்கும் போக்கைக் கண்டித்தார்.

அன்றைக்குக் கிழிந்த உடுப்பு இன்று நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகக் காப்பகத்தில், அவர்களின் காகிதங்களோடு இருக்கிறது. அதைப் பல ஆய்வகங்கள் சோதித்தும், எந்த முடிவும் இரு தரப்பையும் ஒன்றாக உட்காரவைக்கவில்லை. லிங்கன் ஊருக்கு அருகே, அதே மூன்றாம் எண் சாலையில், மாநில அரசு 2011இல் ஒரு நினைவுப் பலகை வைத்தது. கடத்தல் நடந்தது என்று அதில் இல்லை. நாட்டில் பரவலாக வெளியான முதல் கடத்தல் தகவல் என்றுதான் இருக்கிறது.

பயந்து போய் ஒருவர் வந்து நிற்கும்போது அவருக்குத் தேவைப்படுவது இரண்டு. நான் இருக்கிறேன், சொல்லுங்கள் என்று ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். சொன்னதை எடுத்து வைத்து, இது உண்மையா என்று ஒருவர் சரிபார்க்கவும் வேண்டும். அறுபது ஆண்டுகளாக இந்த இரண்டு வேலையையும் இரண்டு கட்சிகள் பங்கு போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருக்கின்றன. 1964இல் பாஸ்டனில் அந்த ஒலிநாடா சுழன்றுகொண்டிருந்த அறையில், இரண்டையும் செய்தவர் ஒரே ஆள்.